தண்ணீரைச் சத்தமில்லாமல் இறக்கும் முறை

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையாக இருந்திருக்க வேண்டியது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் நீங்களே கண்டுபிடித்துக் கேட்டால் எனக்குச் சங்கடம்.

கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் எனக்குக் கையேடு எழுதும் வேலை. பம்பு வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் கிடக்குமே, 'இயக்கும் முன் கவனிக்க வேண்டியவை' என்று, அதை எழுதுகிறவன் நான்தான். அதை யாரும் படிப்பதில்லை என்பதால் சிறுபத்திரிகைகளில் கதைகளும் எழுதுகிறேன். (அதையும் யாரும் படிப்பதில்லை என்று என் மனைவி சொல்கிறாள். அவள் இந்தக் கதையில் இனி வரமாட்டாள்.)

எங்கள் கம்பெனியின் சோதனைப் பிரிவில் இருப்பவர் ஜெரால்டு. தயாராகி வரும் ஒவ்வொரு பம்பையும் ஓடவிட்டுப் பார்த்து முத்திரை குத்துகிற இன்ஜினியர். வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறார். தொண்ணூற்றாறில் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் என் மேஜைக்கு வந்து, "ராஜுலு, நம்ம தொட்டியிலிருந்து தண்ணி சத்தமில்லாமக் கீழ இறங்குதில்ல, அதை எப்படிச் செஞ்சோம்னு ஒரு பக்கத்துல எழுதிக் கொடுங்க" என்றார். ஊரில் இன்னும் நாலைந்து பேர் கடல்தொட்டி வைக்க ஆசைப்படுகிறார்களாம். அவர்களுக்குக் கொடுப்பதற்காம்.

உட்கார்ந்தேன். எழுதினேன்:

'மேல்தொட்டியில் வழியும் தண்ணீர் கீழ்த்தொட்டிக்குச் சத்தமில்லாமல் இறங்க வேண்டுமானால்—'

அங்கேயே நின்றுவிட்டது. எதற்குச் சத்தமில்லாமல் இறங்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால் என்ன பதில்? அந்தப் பதிலைச் சொல்ல ராசாத்தாளைச் சொல்ல வேண்டும். ராசாத்தாள் உள்ளே வந்த பிறகு துண்டறிக்கையில் இடம் போதவில்லை.

எண் போட்டு எழுதுவது தொழில் பழக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

'கடல் இல்லாத ஊரில் ஒரு கடல் இருந்தது.' இதை எழுதியதும் எனக்கே என்னைப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து அடித்துவிட்டேன். அது கடல் இல்லை. ஒரு ஆள் நீட்டிப் படுக்கக்கூட முடியாத கண்ணாடிப் பெட்டி.

'ராசாத்தாளுக்குக் காது கேட்கவில்லை என்பதை—' இதுவும் ஆகாது. கேட்கிறதா, கேட்கவில்லையா என்பதுதானே பிரச்சினை. கையேட்டுக்காரன் பழுதை முதல் வரியிலேயே சொல்லிவிடக்கூடாது.

ஆகவே வீட்டிலிருந்து தொடங்குகிறேன். ஜெரால்டின் வீடு புலியகுளத்தில். முன்னறையில் அவர் மனைவி டெய்சியின் கிளினிக். டெய்சி மைசூரில் படித்துவிட்டு வந்த காது பரிசோதகர். டாக்டர் இல்லை என்று அவரே சொன்னாலும் வருகிறவர்கள் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னறையின் ஒரு மூலையில், பஞ்சும் கம்பளமும் ஒட்டிய, கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு மரக்கூண்டு. உள்ளே ஒரு நாற்காலி. காது சோதிக்க வருகிறவர் அதில் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொள்ள வேண்டும். டெய்சி வெளியே இயந்திரத்தின் முன்னால் இருந்து 'பீப்' என்று ஒலிகளை அனுப்புவார். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். ஒலியைக் குறைத்துக்கொண்டே போய், எவ்வளவு மெல்லிய ஒலிவரை கேட்கிறது என்று படம் வரைந்துகொள்வார்.

கூண்டுக்கு வெளியே, அதன் பின்பக்கத்தை ஒட்டி, ஒரு மர அலமாரியின் மேல் ஜெரால்டின் தொட்டி. வெயில் விழாத சுவர் அது ஒன்றுதான். தண்ணீர், கோழிக்கோட்டிலிருந்து உக்கடம் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவரும் லாரியில் நீல பீப்பாய்களில் வந்த அசல் கடல் தண்ணீர். அதில் இரண்டு கோமாளி மீன்கள், அவை புகுந்து விளையாட ஒரு கடல் சாமந்தி, பாறைகளின் மேல் விரல் விரலாக விரிகிற மென்பவளங்கள். காத்திருக்கிறவர்கள் தங்கள் முறை வந்ததைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். (காது கேட்காததால் முறை தவறியவர்களும் உண்டு. அந்தக் கணக்கு தனி.)

3

மீன் வளர்ப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்காக ஒரே ஒரு பத்தி.

பவளத்துக்கு அழுக்கு ஆகாது. அதனால் ஜெரால்டு, பழைய சின்ன வடிகட்டியை எடுத்துவிட்டுப் புதிய ஏற்பாடு ஒன்று செய்தார். தொட்டியின் மூலையில் சீப்புப் பல்லைப் போல விளிம்பு வெட்டிய ஒரு கண்ணாடித் தடுப்பு. மேல்தண்ணீர் அந்தப் பல் வழியாகத் தடுப்புக்குள் வழியும். தடுப்பின் அடியில் ஒரு துளை, துளையிலிருந்து ஒரு பி.வி.சி. குழாய். தண்ணீர் அதன் வழியாக அலமாரிக்குள் இருக்கும் இன்னொரு தொட்டிக்கு இறங்கும். அங்கே சுத்தமாகி, ஒரு சின்ன பம்பு தள்ள, தடுப்புக்குள் இருக்கும் இன்னொரு துளை வழியாக மறுபடி மேலே ஏறும். மேல்தொட்டியில் மட்டம் மாறாது, அழுக்கு தங்காது.

எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் இறங்குகிற குழாய் ஒரு மிடறு தண்ணீர் குடித்தது, ஒரு மிடறு காற்றைக் குடித்தது.

கொளக்.

கொஞ்சம் இடைவெளி.

கொளக்.

ஜெரால்டுக்கு இது சத்தமாகவே படவில்லை. நாள் முழுக்க மோட்டார்கள் ஓடுகிற கொட்டகையில் நிற்கிறவர். டெய்சிக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் அது கூண்டுக்கு வெளியே கேட்கிற சத்தம்தானே என்று விட்டுவிட்டார். அலமாரி கூண்டின் பலகையில் சாய்ந்து நிற்கிறது என்பதை இருவரும் யோசிக்கவில்லை.

4

அந்த வாரத்தில்தான் ராசாத்தாளும் தம்பிதுரையும் சோமனூரிலிருந்து வந்தார்கள். சொந்தமாகத் தறிகள் வைத்து ஓட்டுகிற புருஷன் பெண்டாட்டி. இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. ராசாத்தாள் நல்ல உயரம், பேச்சு குறைவு. தம்பிதுரை அதற்கு நேர்மாறு, இரண்டிலும்.

தம்பிதுரையின் புகார் விசித்திரமாக இருந்தது. தறிக்குடோனில், அத்தனை இரைச்சலுக்கு நடுவில், எது சொன்னாலும் ராசாத்தாளுக்குப் புரிந்துவிடுகிறது. அமைதியாக இருக்கிற வீட்டில் கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"அந்தச் சத்தத்துல கேக்குது, ஊட்டுல கேக்கலைன்னா என்னங்க அர்த்தம்?" என்று டெய்சியிடம் கேட்டிருக்கிறார்.

ராசாத்தாளைக் கூண்டில் உட்கார வைத்தார் டெய்சி. எந்தச் சத்தம் கேட்டாலும், எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் அழுத்துங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். ராசாத்தாள் சொன்னதைச் சரியாகச் செய்தார். ஒரு சத்தம் கேட்டது. அழுத்தினார். மறுபடி கேட்டது. மறுபடி அழுத்தினார்.

படம் அருமையாக வந்தது. வயதுக்கு நல்ல காது என்றார் டெய்சி.

இங்கே என் முதல் வரைவில் 'தம்பிதுரையின் முகத்தில் வெற்றிப் பெருமிதம் பொங்கியது' என்று எழுதியிருந்தேன். அவரைக் கெட்டவராக்கிவிட்டால் கதை சுலபமாக நகரும் என்று நினைப்பு. பிறகு டெய்சியிடம் விசாரித்தபோது, அப்படி ஒன்றும் பொங்கவில்லை என்றார். தம்பிதுரை, நல்லாக் கேக்குதுங்களா என்று இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டு, அப்புறம் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாராம்.

"அப்பொ எம்மேலதான் என்னமோ கோவமுங்க" என்றாராம்.

ராசாத்தாள் அவரையும் டெய்சியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்கு நெம்ப நாளாச் சரியாக் கேக்கறதில்லீங்க. மிசினு வேற மாதிரி சொன்னா நான் என்னங்க பண்றது" என்று எழுந்துகொண்டார்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி பஸ் ஏறப் போனார்கள்.

[பக்கக் குறிப்பு: தம்பிதுரையை இனி என்னால் கெட்டவராக்க முடியாது. இரண்டு வருஷமாகத் தன் மனைவி தன்னை மதிக்கவில்லை என்று நம்பிக்கொண்டு, அது எதனால் என்று தெரியாமல் தறி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷர். இப்போது அதற்கு இயந்திரத்தின் சாட்சியும் கிடைத்துவிட்டது.]

5

உண்மை வெளிவந்தது சந்தியாகு மாமாவால். அந்தோணியார் கோயிலில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். டெய்சிக்கு உறவு இல்லை, ஆனால் கோயிலுக்கு வருகிற எல்லோருக்கும் மாமா. காது பல வருஷமாக மந்தம், மிஷின் மாட்டியிருப்பவர். வழக்கமான சோதனைக்கு வந்தார். மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுக் கூண்டில் உட்கார்ந்தார்.

டெய்சி படத்தை இரண்டு தடவை பார்த்தார். கல்லூரிப் பையனின் காது.

செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் நவநாளுக்குப் போகிற மனுஷர். விஷயத்தை எழுதிக் காட்டியதும் (சொன்னால் கேட்காதே) அப்படியே எழுந்து நின்றார். சாமியாரிடம் உடனே சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். டெய்சி அவரைக் கெஞ்சி உட்கார வைத்துவிட்டுத் தானே கூண்டுக்குள் போனார். கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டி, வெளியே இயந்திரம் எந்த ஒலியும் அனுப்பாமல் இருக்க, கண்ணை மூடி உட்கார்ந்தார்.

கொளக்.

காதில் மட்டுமில்லை, பலகை வழியாக முதுகிலும் இடித்தது; மந்தமான காதுக்கும் தப்பாது.

டெய்சி கோபத்தில்—

இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடியவில்லை. டெய்சி மிக மெதுவாகப் பேசினார், அதனால்தான் பயந்துபோனேன் என்கிறார் ஜெரால்டு. தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன் என்கிறார் டெய்சி. இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போகிற வரி ஒன்றுதான்:

"என் பேஷண்டுக எல்லாருக்கும் பதிலா உங்க தொட்டிதாங்க பட்டனை அழுத்திட்டு இருக்குது."

சந்தியாகு மாமாவுக்கு விஷயத்தை விளக்கினார்கள். மிஷினை மாட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். அப்படியானால் நவநாளை நிறுத்த வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, மீன்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

நீங்கள் கேட்பது எனக்குத் தெரிகிறது. சோதனை நேரத்தில் பம்பை நிறுத்தி வைத்தால் என்ன? நிறுத்தினார்கள். அன்று கூட்டம் அதிகம், மறுபடி போட மறந்துபோனார் டெய்சி. சாயங்காலம் பார்த்தபோது கடல் சாமந்தி நனைந்த துணிப்பந்து மாதிரி சுருண்டு கிடந்தது. அது மறுபடி விரிகிறவரை டெய்சி தொட்டி முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அதனால் அந்த வழி ஆகாது என்று அவரே சொல்லிவிட்டார்.

முடிவாக, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சத்தம் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் தொட்டியைக் காலி செய்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. காலி செய்தால் மீன்களை, அவற்றை விற்ற சென்னை வியாபாரியிடமே திருப்பி அனுப்பலாம். பவளங்கள் அந்தப் பயணத்தைத் தாங்காது. இது இரண்டு பேருக்கும் தெரியும்.

6

ராசாத்தாளிடம் கடிதத்தில் சொல்லக்கூடாது, நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும் என்றார் டெய்சி. ஜெரால்டு குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் துணைக்கு நான் போனேன். காந்திபுரத்தில் டவுன் பஸ் பிடித்தோம். ஆகவே இந்தப் பகுதி மட்டும் விசாரித்து எழுதியதில்லை, கண்ணால் பார்த்தது.

சோமனூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தறிச் சத்தம் காலில் ஏறியது. தம்பிதுரையின் குடோனுக்குள் நுழைந்ததும் என் காதில் சட்டி கவிழ்த்த மாதிரி ஆகிவிட்டது. பஞ்சு பறந்துகொண்டிருந்தது. ராசாத்தாள் நாலு தறிக்கு அப்பால் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்து நிமிர்ந்தார்.

டெய்சி பேசினார். பக்கத்தில் நின்ற எனக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. ராசாத்தாள் அங்கிருந்தே தலையாட்டினார், கையைக் காட்டி, வெளியே போங்கள், இந்த இழையை முடிந்துவிட்டு வருகிறேன் என்றார். தம்பிதுரை மறுகோடியிலிருந்து வாயை அசைத்து என்னவோ கேட்டார். ராசாத்தாள் வாயை அசைத்துப் பதில் சொன்னார். சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள், வேலை விஷயம் மட்டும் பேசிக்கொண்டார்கள் போல. அந்தக் கூரையின் கீழ் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். யாரும் யாரையும் காதால் கேட்கவில்லை.

டெய்சி என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். வெளியே வந்ததும் முதலில் தம்பிதுரையிடம் கேட்டார், வீட்டில் கூப்பிடும்போது எங்கே நின்று கூப்பிடுவீர்கள் என்று. வாசலிலிருந்து, களத்திலிருந்து, பின்கட்டிலிருந்து என்று சொல்லிக்கொண்டே வந்தார் தம்பிதுரை.

"அவங்க உங்க மூஞ்சியப் பாக்கறப்பவா?"

தம்பிதுரை யோசித்தார். "இல்லீங்க. வேலையா இருப்பாளுங்க. பொறத்தால நின்னுதான் கூப்புடுவேன்."

குடோனில் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார், வீட்டில் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் பார்ப்பதற்கு வாய் இல்லை. டெய்சி இதைச் சொல்லிவிட்டு, சோதனையில் தவறு எங்களுடையது, எங்கள் வீட்டு மீன்தொட்டியின் சத்தம்தான் கூண்டுக்குள் கேட்டிருக்கிறது, மறுபடி ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும் என்று ராசாத்தாளைப் பார்த்துச் சொன்னார்.

ராசாத்தாள் முந்தானையில் பஞ்சைத் துடைத்தபடி சிரித்தார். "நானும் நெனச்சேனுங்க. இதென்ன மிசினு, எருமை தண்ணி குடிக்கறாப்புல சத்தம் போடுதேன்னு."

தம்பிதுரை சிரிக்கவில்லை. மனைவி பக்கத்தில் நிற்க, டெய்சியிடம் மெதுவாகக் கேட்டார்: "அப்பொ எம்மேல கோவமில்லீங்களா?"

பதில் ராசாத்தாளிடமிருந்து வந்தது. அவர் தம்பிதுரையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கோவம் இருக்குது. அது வேற."

7

இனி ஜெரால்டு. அவரைப் புத்திசாலியாகக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் நடந்ததை வைத்துக்கொண்டு எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.

நாங்கள் சோமனூரிலிருந்து திரும்பிய மறுநாள் அவர் குழாயின் வாயில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகிவிட்டு என்னை வரச்சொன்னார். போய்க் கேட்டேன். சத்தமே இல்லை. இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை பாடு என்று பேசிக்கொண்டிருந்தோம். கிளினிக்கிலிருந்து டெய்சியின் குரல் வந்தது. "என்னங்க, எனக்குக் கால் நனையுதுங்க."

ஸ்பாஞ்சில் பாசி அடைத்துவிட்டது. குழாய் குடிக்கவில்லை, பம்பு மட்டும் விடாமல் மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. தொட்டி வழிந்து முன்னறை முழுக்கக் கடல். போர்வை, துண்டு, ஜன்னல் திரை எல்லாவற்றையும் போட்டு ஒற்றி எடுத்தோம். அந்த நேரம் பார்த்து மிஷினுக்கு பேட்டரி வாங்க வந்த சந்தியாகு மாமா, ஒரு கேள்வியும் கேட்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தார். தெருவில் போனவர்கள் மீன் வாசனை எங்கிருந்து வருகிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

தரை காய்ந்த பிறகு ஜெரால்டு, தொட்டியைக் காலி செய்துவிடலாம் என்றார். பாறையில் விரிந்திருந்த பவளங்களைப் பார்க்காமல் சொன்னார்.

டெய்சி உள்ளே போய், காது மிஷின்களை ஒட்டுக்கேட்டுச் சோதிப்பதற்கு அவர் வைத்திருக்கும் குழாயை எடுத்துவந்தார். பார்க்க ஸ்டெதாஸ்கோப் மாதிரியே இருக்கும். ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு பம்பைப் போடச் சொன்னார். அலமாரியைத் திறந்து முட்டிபோட்டு உட்கார்ந்து, இறங்கு குழாயில் அதை வைத்துக் கேட்டார். அடியில் வைத்தார். நடுவில் வைத்தார். எழுந்து, தொட்டி மூலையில் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். நெஞ்சில் சளி கட்டியவரைச் சோதிக்கிற டாக்டர் போல இருந்தது.

"கீழ விழறதுல சத்தம் இல்லீங்க. வாய்லதான் இருக்குது. காத்த முழுங்குது."

ஜெரால்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காரணம் உண்டு. பம்பு வாங்கின விவசாயிகள் கம்பெனிக்கு வந்து மோட்டார் கத்துகிறது என்றால் அவர் சொல்கிற முதல் பதில், உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது, அதன் வாயை இன்னும் ஆழத்தில் இறக்குங்கள் என்பதுதான். என் கையேட்டிலும் அந்த வரி இருக்கிறது: 'உறிஞ்சு குழாயின் வாய் எப்போதும் நீருக்கடியில் இருக்க வேண்டும்.' ஏறுகிற குழாய்க்கு மட்டும்தான் இது என்று இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறோம், அவரும் நானும். இறங்குகிற குழாயும் உறிஞ்சுகிறது.

அதன்பிறகு வேலை கடகடவென்று நடந்தது. துண்டறிக்கைக்காகக் காத்திருக்கும் அந்த நாலைந்து பேருக்கு இதோ:

இறங்கு குழாயின் கீழ்ப்பகுதியில், கைக்கு எட்டுகிற இடத்தில், திருகி மூடும் ஒரு கேட் வால்வு போடவும். தண்ணீர் ஓடும்போதே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடவும். தடுப்புக்குள் மட்டம் உயர்ந்து குழாயின் வாயை முழுக்க மூடும். காற்றுக்கு இடமில்லாமல் குழாய் நிறைந்து ஓடும், சத்தம் நிற்கும். ஆனால் ஒரே குழாயை நம்பக்கூடாது, எங்களைப் போலத் திரையைக் கழற்ற வேண்டி வரும். வால்வு இல்லாத இரண்டாவது குழாய் ஒன்றை, வாய் முதல் குழாயைவிட உயரத்தில் இருக்கும்படி நிறுத்தவும். முதலாவது அடைத்தால் அது காப்பாற்றும். மற்ற நேரத்தில் அதில் நூல் மாதிரி கொஞ்சம் தண்ணீர் சுவரோடு வழிந்தால் போதும். (அதற்கு இன்னொரு துளை வேண்டுமே? தண்ணீர் மேலேறும் குழாய்க்காகத் தடுப்புக்குள் போட்டிருந்த துளையை இதற்குக் கொடுத்துவிட்டு, ஏறும் குழாயைத் தொட்டி விளிம்புக்கு மேலாகக் கொண்டுபோனார் ஜெரால்டு.) குழாய்களின் கீழ்நுனி கீழ்த்தொட்டித் தண்ணீரில் லேசாக முழுகினால் போதும், ஆழமாகப் போனால் உள்ளே மாட்டிய காற்று வெளியேறாது. கரண்டு போய் வந்தால் கொஞ்ச நேரம் கத்தும். தானே அடங்கும். வால்வைத் தொடாதீர்கள்.

எல்லாம் முடிந்து டெய்சி கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் ஜெரால்டும் வெளியே நின்றோம். நெடுநேரம் வரவில்லை. கதவைத் திறந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வெளிய நீங்க ரெண்டு பேரும் மூச்சு விடறதுதாங்க கேக்குது" என்றார். "சித்தெ தள்ளி நில்லுங்க."

8

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டெய்சி கிளினிக்கைத் திறந்தபோது ராசாத்தாளும் தம்பிதுரையும் வாசலில் இருந்தார்கள். ராசாத்தாள் கூண்டில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டியதும் கரண்டு போனது.

இதை நான் கதைக்காகச் சேர்க்கவில்லை. அந்த வருஷம் கோயம்புத்தூரில் இருந்தவர்கள் என்னை நம்புவார்கள்.

கரண்டு வந்தபோது குழாய் ஒரு பெரிய ஏப்பம் விட்டு, விழுங்கி, கமறி, மறுபடி விழுங்கியது. கூண்டின் கண்ணாடி வழியாக ராசாத்தாள் எங்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஜெரால்டு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், வால்வைத் தொடாமல் இருப்பதற்காக. தடுப்புக்குள் மட்டம் மெல்ல ஏறியது. குழாயின் வாய் முழுகியது. சத்தம் தேய்ந்து, தேய்ந்து, நின்றது. டெய்சி இன்னும் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் முதல் ஒலியை அனுப்பினார்.

இந்தத் தடவை படம் வேறு மாதிரி வந்தது. தடித்த ஒலிகள் ஓரளவு கேட்டன. கீச்சென்ற, கூர்மையான ஒலிகள் வர வர கோடு சரிந்து கீழே போனது. தறிச் சத்தம் வருஷக்கணக்கில் தின்ற இடம் அது என்று டெய்சி விரல் வைத்துக் காட்டினார். யாரோ பேசுவது தெரியும், என்ன வார்த்தை என்று தெரியாது. தள்ளி நின்று பேசினால் பேசுவதே தெரியாது.

ராசாத்தாள் அந்தக் காகிதத்தை வாங்கித் தானே ஒருதரம் பார்த்தார். பிறகு அதைத் தம்பிதுரையின் கையில் கொடுத்தார்.

9

இந்த இடத்துக்கு நான் சில முடிவுகள் தயார் செய்திருந்தேன்.

தம்பிதுரையின் காதையும் சோதித்துப் பார்க்க, அவருக்குத்தான் மனைவியைவிட மந்தம் என்று தெரியவருகிறது. இது எல்லோரும் கேட்ட பழைய ஜோக். உண்மையில் டெய்சி அவரையும் சோதித்தார். கொஞ்சம் பழுது இருந்தது, ராசாத்தாள் அளவுக்கு இல்லை. ஜோக் கெட்டுவிட்டது.

தம்பிதுரை கண்கலங்கி மன்னிப்புக் கேட்கிறார். எழுதிவிட்டுப் படித்தேன். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

கடல் சாமந்தியின் மடியில் இரண்டு கோமாளி மீன்கள் ஒன்றாக— இதை ஜெரால்டு படித்துவிட்டு, மீனையெல்லாம் இதில் இழுக்க வேண்டாம் என்றார்.

நடந்தது என்னவென்றால், தம்பிதுரை காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ராசாத்தாளின் பின்னால்தான் அதுவரை நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து நடந்து, சுற்றிக்கொண்டு, அவருக்கு எதிரில் வந்து, முகம் தெரிகிற மாதிரி கொஞ்சம் குனிந்தார்.

"டீ குடிக்கலாமா?" என்று கேட்டார்.

ராசாத்தாள், குடிக்கலாம் என்றார்.

டீக்கடைக்குப் போய்வந்த பிறகு டெய்சி ஒரு காது மிஷினை எடுத்து ராசாத்தாளுக்குப் பொருத்தினார். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பிடித்தால் வைத்துக்கொள்ளலாம் என்றார். குடோனுக்குள் போகும்போது கட்டாயம் கழற்றிவிட வேண்டும், தறி ஓட்டுகிற இரண்டு பேரும் காதை அடைத்துக்கொள்ள வேண்டும் என்று தம்பிதுரையிடமும் சொன்னார்.

ராசாத்தாள் வாசலுக்குப் போனார். நானும் கூடவே போனேன், எழுதுகிறவனுக்கு இருக்கிற கெட்ட பழக்கம். கேட்டைத் தாண்டியதும் நின்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். எதையோ கேட்டார். முகம் மலர்ந்தது.

"என்னங்கம்மா கேட்டுது?" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொன்னா எழுதிப்போடுவீங்களா?"

ஆமாம் என்றேன்.

"அப்பொச் சொல்லமாட்டேனுங்க."

நான் விடவில்லை. திருச்சி ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரனா என்றேன். தலையை ஆட்டினார், இல்லை. கோயில் பக்கம் ஞானோபதேசம் படிக்கிற குழந்தைகளா? இல்லை. உங்கள் வளையல் சத்தமா? அதற்குச் சிரித்தேவிட்டார். என்னிடம் இருந்தது அவ்வளவுதான். ஆகவே இந்த வரியை உங்களிடம் விடுகிறேன், நிரப்பிக்கொள்ளுங்கள்:

ராசாத்தாள் அன்று வாசலில் நின்று முதலில் கேட்டது [                    ].

கதை இங்கே முடிகிறது. ஆனால் அவர்கள் இன்னும் கிளம்பவில்லை. தம்பிதுரை உள்ளே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். வாசற்படியில் நின்றபடி, ராசாத்தாளின் முதுகைப் பார்த்து, எப்போதும் பேசுகிற குரலில் சொன்னார்.

"எனக்காச்சும் சொல்லலாமுல்ல."

ராசாத்தாள் திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"உங்களுக்குந்தான் சொல்லமாட்டேன். வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."